பன்னிரண்டாவது ஆணி

மனைவியிடம் பொய் சொல்லலாம். படிவத்தில் பொய் எழுதக் கூடாது. இது என் வாழ்க்கைக் கொள்கை.

முப்பத்தோரு வருடமாக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களைச் சரிபார்க்கிறேன். பிறந்த தேதி கேட்ட கட்டத்தில் இன்றைய தேதியை எழுதுகிறவர்களையும், 'ஆணா, பெண்ணா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் எழுதுகிறவர்களையும் பார்த்துப் பார்த்தே என் தலைமுடி கொட்டிப்போயிற்று. என் கையெழுத்து இருக்கும் காகிதத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

மனைவி விஷயம் வேறு. அவளுக்குத் தரும் தகவல்களின் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எனக்கு இருப்பது ஒரே ஒரு பலவீனம். பழைய சுவர்க் கடிகாரம். வீட்டில் பதினொன்று மாட்டியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு மணி அடித்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தொலைபேசியில் பேசுகிறவர்கள், ரயில் நிலையத்திலா இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

பதினோராவது வந்த அன்று என் மனைவி தீர்ப்பு சொன்னாள். இன்னொரு கடிகாரம் இந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால், இருக்கிற பதினொன்றும் பழைய இரும்புக்காரரின் வண்டியில் வெளியே போகும். சொன்னால் செய்கிறவள் அவள். சந்தேகம் இருந்தால் என் பழைய சைக்கிளைக் கேட்டுப் பாருங்கள். கேட்க அது இங்கே இல்லை என்பதுதான் பதில்.

இப்படி இருக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் உதவிக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சனிக்கிழமை தோறும் பழைய சாமான் சந்தை கூடும் என்றும், அங்கே கடிகாரங்கள் கொட்டிக் கிடக்கும் என்றும் வெள்ளந்தியாகச் சொன்னார்.

அன்று மாலையே கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். காலண்டர் மாட்ட என்றேன். அவள் ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

என் திட்டம் இதுதான். ஊர் திரும்பி மூன்று மாதத்தில் எனக்கு ஓய்வு. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு மேடையில் ஒரு பரிசு கொடுப்பது வழக்கம். நான் வாங்கி வரும் கடிகாரத்தை நேராகத் தலைமை எழுத்தரிடம் சேர்த்துவிடுவேன். அவர் அதைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றி, என் நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, எனக்கே திருப்பிக் கொடுப்பார். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவாள். கை தட்டி வாங்கிய பரிசை எந்த மனுஷி இரும்புக்காரருக்குப் போடுவாள்? இதை யோசித்து முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சந்தைக்கு முதல் சனிக்கிழமை இருவரும் சேர்ந்துதான் போனோம். அங்கே அவள் ஒரு கைத் தையல் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டாள். கறுப்பு உடம்பில் சின்னச் சின்ன மஞ்சள் பூ வரைந்திருந்தது. கையால் சுற்றும் சக்கரம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகத் தைப்பாளாம். நான் அங்கிருந்து வீடு வரைக்கும் விமானப் பயணத்தில் எடைக் கட்டுப்பாடு என்ற தலைப்பில் சொற்பொழிவு ஆற்றினேன். இரும்பை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போகிறவன் மடையன் என்று முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் தனியாக நடைப்பயிற்சிக்குப் போனேன். மரத்தால் செய்த குட்டி வீடு போல ஒரு கடிகாரம். மணிக்கு ஒரு தரம் மேலே கதவு திறக்கும். ஒரு குயில் தலையை நீட்டிக் கூவிவிட்டு உள்ளே போய்விடும். அதை என் கம்பளிச் சட்டையில் சுற்றி, அதன் மேல் துண்டைச் சுற்றி, என் பெட்டியின் அடியில் வைத்து எண் பூட்டைப் போட்டேன். பூட்டின் எண் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிளம்பும் நாளில் மாப்பிள்ளை என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். ரொம்பக் கனமாக இருக்கிறதே மாமா என்று ஒரு மாதிரி சிரித்தார். எனக்கும் கனமாகத்தான் தெரிந்தது. பழைய காலத்துப் பொருள் என்றால் சும்மாவா என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்தபோது அளவுக்கு மேல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து மேலே இருந்த துணிகளை எடுத்து, மூன்று சட்டையும் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டேன். இரண்டு கைகளும் உடம்பை விட்டு விலகி நின்றன. விமானத்தில் நடு இருக்கை.

மனைவி கண்ணை மூடிக்கொண்டதும் பணிப்பெண் கொடுத்த சுங்கப் படிவத்தை எடுத்தேன். கொண்டுவரும் பொருள்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டுவிட்டு, ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் போய்விடலாம். பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் என் கை கேட்கவில்லை. 'பழைய சுவர்க் கடிகாரம் - 1 (மரம், குயில் கூவும்)' என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மனைவியைப் பச்சை வழியில் அனுப்பிவிட்டு நான் மட்டும் சாமானைக் காட்டுகிறவர்கள் போகும் சிவப்பு வழியில் போவதாக முடிவு.

இறங்குவதற்கு முன் அவளுக்கு ஓர் உத்தரவு போட்டேன். விமான நிலையத்தில் நான்தான் பேசுவேன், நீ வாயே திறக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. போகும்போது, எதற்காகப் பயணம் என்று கேட்ட அதிகாரியிடம் மகளின் மசக்கையில் ஆரம்பித்துக் குழந்தையின் எடை வரைக்கும் சொல்லி முடித்தவள் அவள். அப்புறம் அவர் வேறு ஒன்றும் கேட்கவே இல்லை. இந்தத் தடவை அவள் உடனே தலையாட்டினாள். கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் பார்க்கும் கண்ணாடிக் கூண்டில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் பாஸ்போர்ட் படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை. பேத்தி பார்த்து அழுததால் எடுத்துவிட்டேன். அதிகாரி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று சட்டைக் காலர்களையும் எண்ணினார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானா?"

மனைவி பேசவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களைத்தான். இவரைத் தெரியுமா, தெரியாதா?"

மனைவி கூரையைப் பார்த்தாள். அதிகாரியின் கை மெதுவாகத் தொலைபேசிப் பக்கம் போயிற்று.

"பேசேன்," என்றேன்.

"பேசலாமா? நீங்கதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க."

"இதுக்கு மட்டும் பேசு."

"இவர் என் வீட்டுக்காரர்தாங்க," என்றாள் அதிகாரியிடம். "மீசை இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா இருப்பார்."

அதிகாரி உடனே முத்திரை குத்தினார். கட்டிய புருஷனைத் தவிர வேறு யாரைப் பற்றியும் ஒருத்தி இப்படிச் சொல்ல முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் என் திட்டத்தின் இரண்டாவது கட்டத்தைத் தொடங்கினேன். இங்கே கூட்டமாக இருக்கிறது, நீ பச்சை வழியில் போய் வாடகை வண்டி பார், நான் பின்னால் வருகிறேன் என்றேன். சரிங்க என்று அவள் தன் பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். நான் சிவப்பு வழியில் நுழைந்தேன். அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சுங்க அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தானாக வந்து நிற்கும் ஆளை அவர் வெகு நாளாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. படிவத்தை வாங்கிப் படித்தார்.

"குடும்பத்துக்கு ஒரு படிவம்னு எழுதியிருக்கீங்க. இதுல ரெண்டு பேரோட பேர் இருக்கே. அம்மா எங்கே?"

குடும்பத்துக்கு ஒன்று என்று அச்சடித்திருந்ததால் அப்படியே நிரப்பியவன் நான். விதியை மீற மாட்டேனே!

"இங்கேதாங்க இருக்கேன்," என்று பின்னால் குரல் கேட்டது. அவள் பச்சை வழிப் பக்கமே போகவில்லை.

அதிகாரி ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார்: "பழைய சுவர்க் கடிகாரம், ஒண்ணு. மரம். குயில் கூவும்."

என் பதினொரு கடிகாரங்களும் இரும்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து எனக்குக் கையசைப்பது தெரிந்தது. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெட்டியைத் திறங்க என்றார் அதிகாரி. எண் மறந்துபோயிற்று. இரண்டு தடவை தப்பாகச் சுற்றினேன். கோட்டுக்குள் மூன்று சட்டையும் நனைந்தன. எதற்காக மூன்று சட்டை என்று அவர் கேட்டார். குளிர் என்றேன். நெற்றியிலிருந்து வியர்வை படிவத்தின் மேல் சொட்டிற்று.

"பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு," என்றாள் மனைவி. "பன்னிரண்டாவது கடிகாரம் இல்லையா, அதான்."

பூட்டு திறந்துகொண்டது. அதிகாரி துண்டைப் பிரித்தார். கம்பளிச் சட்டையைப் பிரித்தார். உள்ளே கறுப்பாக, மஞ்சள் பூப் போட்டு, கையால் சுற்றும் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தது தையல் இயந்திரம்.

அதிகாரி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி மேலே போய்க் கீழே வந்தது.

"குயில் எங்கே சார்?"

நான் துண்டை எடுத்து உதறிப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்டு, கடிகாரம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பெட்டியில கடிகாரம் இல்லை. எழுதாத சாமான் இருக்கு. இதுக்குப் பேர் பொய்த் தகவல். தெரியும்ல?"

தெரியும். முப்பத்தோரு வருடமாக அந்த வார்த்தையைச் சிவப்பு மையில் எழுதுகிறவனே நான்தான். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் கையெழுத்துக்கு மேலேயே அது வந்து உட்காரப் போகிறது. கடிகாரம் போனாலும் போகட்டும், இந்தக் கறை வேண்டாம் என்று மனசு கெஞ்சிற்று. திரும்பி மனைவியைப் பார்த்தேன்.

"இப்போ பேசலாமாங்க?" என்றாள்.

"பேசு. தயவு பண்ணிப் பேசு."

அவள் கைப்பையிலிருந்து சந்தைக்காரன் கொடுத்த ரசீதை எடுத்து வைத்தாள். செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மகள் வீட்டுக் கூடத்துச் சுவர். அதில் என் குயில். கீழே மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"கடிகாரம் பொண்ணு வீட்டுல இருக்குங்க. அப்பாவோட பரிசுன்னு கொடுத்துட்டேன். இவர் குளிக்கப் போனா முக்கால் மணி நேரம். அதுல மாத்தி வெச்சேன். இவர் நல்லவர்தாங்க. பொய் எழுதத் தெரியாது. பெட்டியில என்ன இருக்குன்னுதான் தெரியாது."

அதிகாரி தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பழைய சாமானுக்கு வரி இல்லை, தப்பை அடித்துவிட்டு உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு நகல் தருகிறேன் என்றார். கடிகாரத்தை நானே அடித்தேன். 'கைத் தையல் இயந்திரம் - 1' என்று எழுதினேன். யாருக்காக என்று இன்னொரு கட்டம் இருந்தது. மனைவிக்கு என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"கணவர் ஆசையா வாங்கித் தந்ததுன்னு சேர்த்துக்கங்க."

"கட்டத்துல இடம் இல்லை."

"பொடியா எழுதுங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்குமே."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இனி அது உண்மை.

வாடகை வண்டியில் ஏறியதும் ஒவ்வொரு சட்டையாகக் கழற்றினேன். பதினொன்றின் கதி என்ன என்று மெதுவாகக் கேட்டேன். கடிகாரம் நம்ம வாசற்படியைத் தாண்டவில்லையே, சொன்ன சொல்லை நான் மீற மாட்டேன், அவை இருக்கட்டும் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே. காலண்டருக்கு யாருங்க அவ்வளவு பெரிய ஆணி அடிப்பாங்க?"

மறுநாள் அவள் அந்தப் படிவத்தின் நகலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்தாள். சுத்தியலோடு எழுந்த என்னிடம், வேண்டாம், உட்காருங்க என்றாள். ஆணிதான் ஏற்கெனவே இருந்ததே.