தொட்டிலுக்கு வராத சர்குலர்

புஜைரா,
3.2.2003

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மணிகண்டன் அவர்களுக்கு, மச்சான் பாண்டித்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி சரோஜாவும் சுகம். பஹ்ரைனில் குதைபியா வீட்டில் நீங்களும், என் தங்கை சந்தியாவும், இன்னும் பெயர் வைக்காத என் மருமகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்ற ஐந்து எழுத்தை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதி நீங்கள் எங்கள் ஆபீசுக்கு அனுப்பிய ஃபேக்ஸ் கிடைத்தது. 'பெண் குழந்தை. இருவரும் நலம். சந்தியா அண்ணனைக் கேட்கிறாள்' என்று மூன்றே வரி. எங்களுடையது துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஆபீஸ் அல்லவா, மேனேஜர் சேதுமாதவன் சார் அதையும் ஏதோ சரக்கு என்று நினைத்து 'அவசரம்' என்று முத்திரை குத்தி என் மேஜைக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போடுவீர்கள், தாய்மாமன் தொட்டில் இல்லாமல் எப்படிப் போடுவது என்று அந்த வாரமே ஒரு தேக்குத் தொட்டில் வாங்கினேன். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது, இங்கேயே வரி கட்டிய ரசீதும் உண்டு. அதை நம்ம கீழக்கரை கௌஸ் முகம்மது லாரியில் ஏற்றி, பஹ்ரைனுக்கு அனுப்பியும் விட்டேன்.

எனக்கு அப்படி ஒரு தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், எல்லாம் இந்தப் புதுச் சட்டத்தால் வந்தது. ஜனவரி ஒன்றிலிருந்து வளைகுடாவின் ஆறு நாடுகளுக்கும் ஒரே சுங்கம், ஒரு வாசலில் வரி கட்டிவிட்டால் மற்ற ஐந்து வாசலிலும் கேட்க மாட்டார்கள். அந்த அறிவிப்பை எங்கள் ஆபீசில் டைப் அடித்தவனே நான்தான். ஆனால் எல்லைச் சாவடி ஒன்றில் இருந்த அதிகாரி லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டாராம். கௌஸ் முகம்மது போனில், "அண்ணே, சட்டம் வந்துருச்சாம், பேப்பர் வரலையாம். மாஃபி சர்குலர், சர்குலர் இல்லைன்னே சொல்றாரு" என்றான். ஆறு நாட்டு ஆட்சியாளர்களும் உட்கார்ந்து முடிவெடுத்த பிறகு இந்த மேஜைக்குத் தனியாக வேறு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. சேதுமாதவன் சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எடோ பாண்டி, ஐரோப்பாவிலே சில சட்டம் அங்கே எழுதினதும் எல்லா நாட்டிலேயும் தானாவே இறங்கும். இங்கே ஆறு பேரும் கூடி எழுதினாலும், அவங்கவங்க நாட்டு முத்திரை விழணும். பின்னே அது மேஜை மேஜையா நடந்து வரணும்" என்றார். அங்கே என்னடா என்றால் அந்த அதிகாரி தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, இது கட்டிலா, ஊஞ்சலா, படகா, எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஐந்து நாள் யோசித்தாராம். கடைசியில் 'கலாஸ், முடிஞ்சுது, திருப்பி எடுத்துக்கிட்டுப் போ' என்று சொல்லிவிட்டாராம். லாரி திரும்பி வந்துவிட்டது மாப்பிள்ளை. தொட்டில் இப்போது எங்கள் ரூமில்தான் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆறு நாட்டுச் சட்டம் ஒரு மேஜையைத் தாண்ட இவ்வளவு தவிக்கிறது. ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் சந்தியா வீட்டார் பேச்சை மீறி உங்களைக் கட்டிக்கொண்டு போனபோது, ஊரில் பெரியப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் உட்கார்ந்து, அவளோடு இனி யாரும் பேசக் கூடாது, அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்களே, அது அன்று சாயங்காலமே கடலைத் தாண்டி வந்து என் ரூமுக்குள் அமலுக்கு வந்துவிட்டது. அதற்கு முத்திரை கேட்டேனா? சர்குலர் எங்கே என்றுதான் கேட்டேனா? சரோஜா மட்டும், "நம்ம வீட்டுக்குச் சட்டம் போட அவுக யாரு? நீங்க ஏன் தலையை ஆட்டுறீக?" என்று கேட்டாள். அவளை வாயை மூடச் சொன்னேன். சந்தியா கல்யாணப் புடவையோடு எனக்குப் போன் பண்ணினாள் மாப்பிள்ளை. "அண்ணே" என்றாள். நான் வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் என் காதில் கிடக்கிறது.

இப்போதுதான் புத்தி வருகிறது. அவள் கழுத்தில் நீங்கள் தாலி கட்டிய நிமிஷமே நீங்கள் எனக்கு மாப்பிள்ளை. குழந்தை பிறந்த நிமிஷமே நான் தாய்மாமன். இதற்கெல்லாம் எவர் முத்திரையும் வேண்டியதில்லை, தானாகவே இறங்கிவிடுகிற சட்டம் இது. என்ன செய்ய, தொட்டிலைத்தான் அந்த அதிகாரி விடவில்லை. அடுத்த மாதம் சர்குலர் வந்துவிடுமாம், அப்போது அனுப்புகிறேன். அதுவரை குழந்தையைப் பாயிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தியாவுக்கு என் ஆசி. மருமகள் நூறு வயது வாழட்டும், அவள் அப்பாவைப் போல உறவுக்கு முதலில் கை நீட்டும் குணம் அவளுக்கும் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
பாண்டித்துரை

பி.கு: அண்ணே, நான் சரோஜா எழுதுறேன். இதை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிட்டு அவுக டூட்டிக்குப் போயிட்டாக. படிச்சுப் பார்த்தேன். அந்த அதிகாரி பாவம், ஒரு குத்தமும் பண்ணலை. ரசீதைப் பார்த்துட்டு, புள்ளைக்கு மாஷா அல்லான்னு சொல்லி அரை மணி நேரத்துல லாரியை விட்டுட்டாரு. கௌஸ் முகம்மது உங்க தெருமுனையில நின்னுதான் போன் பண்ணினாரு, எந்த வீடுன்னு கேட்டு. போனை எடுத்தது இவுகதான். "வேணாம்னு சந்தியா திருப்பி விட்டா நான் தாங்க மாட்டேன் சரோஜா"ன்னு சொல்லி, லாரியை அப்படியே திருப்பச் சொல்லிட்டாக. இப்ப டூட்டி முடிஞ்சு வந்தா வெறும் தொட்டிலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. எங்க ரெண்டு பேருக்கும் விசா எடுத்துட்டேன், இவுகளுக்கு இன்னும் சொல்லலை. பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை பிளேனில் தொட்டிலையும் இவுகளையும் கூட்டிக்கிட்டு வர்றேன். சந்தியா எவ்வளவு வேணும்னாலும் திட்டட்டும், ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டட்டும். கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்க.