விரல் பிரிவு

காலையில் எழுந்து, பல் துலக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, காபி ஆறுவதற்குள் இசைக் கல்விக்கு ஒரு புதுப் பாதை போட்டுவிடுவது பேண்டு மாஸ்டரின் வழக்கம்.

பள்ளிக்கூடப் பேண்டுக்கென்றே அவர் இயற்றிய 'வெற்றி நடை', 'மாபெரும் வெற்றி நடை', 'மீண்டும் வெற்றி நடை' ஆகியவை சாகாவரம் பெற்றவை. அவற்றுக்குள் வித்தியாசம் கண்டுபிடிக்க இன்னும் ஒருவர் பிறக்கவில்லை.

ஆனாலும் அவருடைய மகத்தான சாதனை 'விரல் பிரிவு'தான். அபஸ்வரம் எதனால் வருகிறது? ஊதுவதால் வருகிறது. ஆகவே சரியாக ஊத வராத பிள்ளைகள் போட்டி மேடையில் வாத்தியத்தை உதட்டில் வைத்து விரலை மட்டும் அசைக்க வேண்டும். காற்று விடக் கூடாது. முதல் வருடம் இரண்டு பேரை வைத்துச் சோதித்தார். பரிசு கிடைத்தது. முறை நிரூபணமாகிவிட்டதால் பிரிவு 'விரிவாக்கம்' செய்யப்பட்டது. இப்போது பேண்டில் பாதிக்கு மேல் அதுதான். ஊதத் தெரியாதவர்களுக்கு ஊதக் கற்றுத்தரும் பழங்காலத் தொல்லையிலிருந்து ஆசிரியர் குலமே விடுதலை பெற்றது.

அந்தப் பிரிவின் மூத்த உறுப்பினர் மாஸ்டரின் சொந்த மகள். வாத்தியம், கிளாரினெட்.

போட்டியன்று காலை அவள் அவர் பின்னாலேயே சுற்றினாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரே ஒரு தடவை ஊதிக்கறேன்பா. கடைசி சுரம் மட்டும்."

"நீ ஊதினா என் மானம் கப்பலேறிடும் கண்ணு."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மாஸ்டர்," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் உக்காந்து சொல்லிக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"போட்டி முடியட்டும்."

போன போட்டிக்கும் இதையேதான் சொன்னார். கொள்கை மாறாதவர்.

எதிர்பார்த்தபடியே முதல் பரிசு. மாஸ்டருக்கு 'இசைக் கல்விச் சிற்பி' பட்டமும் கிடைத்தது. பிறகு நடுவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷம் சிறந்த வாத்தியக் கலைஞர், முன்வரிசையில கிளாரினெட் வாசிச்ச பொண்ணு! என்ன விரல் ஓட்டம்! கன்னம் உப்பல, மூச்சு வாங்கல! எங்கே, பாப்பா, தனியா ஒரு வரி வாசி, கேப்போம்."

"அவளுக்கு ஜலதோஷம் சார்," என்றார் சிற்பி.

"ஒரு வரிதானே!"

மாஸ்டர் மகளின் காதருகே குனிந்தார். "விரலை மட்டும் அசைம்மா." தனியாக நிற்கும்போது தம் முறையில் ஒரு சிறு குறைபாடு இருப்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் ஊதினாள். இத்தனை வருட மூச்சையும் சேர்த்து ஊதினாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம் வந்தது. அரங்கமே சிரித்தது. அவள் அழவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு நடுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா பெரிய மாஸ்டர் சார், அவருக்கு நேரமே கிடைக்கல. இதை எப்படி ஊதறதுன்னு நீங்களாவது சொல்லிக் குடுக்கறீங்களா?"