அடித்தட்டு வாயு

உவர்க்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அதற்குக் கடல் கிடையாது. ஆனால் மண்ணுக்கடியில் மலை மலையாக உப்பு கிடந்தது. தோண்டித் தோண்டி உப்பு தீர்ந்தபோது, ஊருக்கடியில் பெரும் குகைகள் மிஞ்சின. அவற்றில் எரிவாயுவைச் சேமிப்பதென்று அரசர் முடிவெடுத்தார்.

"குளிர்காலத்துக்கு உதவும்" என்றது அரசாணை. உவர்க்கோட்டையில் குளிர்காலம் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் வீட்டுக் குழாய்களில் வந்த வாயுவெல்லாம் குகைக்குத் திருப்பிவிடப்பட்டபோது மக்கள் கைதட்டினார்கள். அஞ்சுகமும் தட்டினாள். அவளுடைய இட்லிக் கடை பெரிய குகைக்கு நேர் மேலே இருந்தது. "எங்க கடைக்குக் கீழதான் நாட்டோட சொத்தே இருக்கு, தெரியுமில்ல?" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். அடுப்பு எரியாததால் வந்தவர்கள் ஊறவைத்த அவலைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள்.

விறகு மூட்டலாமென்றால், குகைக்கு மேல் நெருப்பு கூடாதென்று அடுத்த ஆணை வந்தது. அதற்கடுத்த ஆணை, குகை அதிருமென்று உரலில் இடிப்பதையும் தடுத்தது. அவலும் போயிற்று. அரண்மனை மடைப்பள்ளியில் மட்டும் தாளிப்பு வாசனை ஓயவே இல்லை.

அஞ்சுகம் சேமிப்புத் துறை அமைச்சரிடம் போனாள்.

"ஐயா, கீழ இருக்கிறதுல கொஞ்சம் திறந்து விடுங்க. கடைய மூடிட்டா நான் சோத்துக்கு எங்க போவேன்?"

அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். "தாயே, அடியில் இருக்கும் வாயு அசையவே கூடாது. அது கிடந்து அழுத்தினால்தான் மேலே இருப்பது குழாயில் ஏறும். ஆகவே மேலே இருப்பது மேலிடத்துக்கு. அடியில் இருப்பது அத்தனையும் அடித்தட்டு மக்களாகிய உங்களுக்கே!"

"அப்ப எங்களோடத எப்ப எடுக்கலாம்?"

"எடுத்துவிட்டால் அது அடியில் இருக்காதே, தாயே."

இதைக் கேட்டு ஊரே நெஞ்சை நிமிர்த்தியது. நாட்டைத் தாங்குவது நாங்களே என்று சுவர்களில் எழுதிக்கொண்டார்கள். அஞ்சுகத்துக்குப் பசித்தது, பசியை விடக் கோபம் அதிகமாக வந்தது.

உவர்க்கோட்டையில் அரசருக்கும் தேர்தல் உண்டு. அடுப்புகளை மறுபடி எரிய விடுவேன் என்று குயவர் திருமேனி எதிர்த்து நின்றார். அஞ்சுகம் வீடு வீடாகப் போய் மன்றாடினாள். "பெருமை வயித்த நிரப்புமா? சொல்லுங்க!" வெறும் வயிறு அவள் பக்கம் பேசியது.

தேர்தலன்று காலையிலேயே ஊர் திரண்டு வந்து ஓட்டுப் போட்டது. முதல் ஓட்டு அஞ்சுகத்துடையது. சீட்டைப் பெட்டிக்குள் போட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றுதான் அவள் உண்மையாகவே பெருமைப்பட்டாள். மேலிடத்தார் மதியத் தூக்கம் முடிந்து, மாலையில் வந்து போட்டார்கள்.

அரசரே வென்றார்.

"ஊரே எதிர்த்துத்தானே போட்டோம்! எங்க ஓட்டெல்லாம் எங்க?" என்று அஞ்சுகம் கத்தினாள்.

அமைச்சர் எழுந்து நின்று கைகூப்பினார். "பெட்டியின் அடியில் பத்திரமாக இருக்கின்றன, தாயே. அவை தாங்குவதால்தானே மற்ற ஓட்டுகள் மேலே நிற்கின்றன! நாங்கள் மேலே இருந்ததை மட்டும்தான் எண்ணினோம்."