ஐதா சித்தியை வெட்டி எடுக்க ஒரு யூஎஸ்பி கார்டு

பெய்ரூத்
ஞாயிறு, மதியம்

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பி இமாத்துக்கு (பொறுமை இருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன்), அக்கா ஹியாம் எழுதுவது.

உனக்கும் புது மனைவி தானியாவுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், மொன்ட்ரியால் குளிரில் உறைந்துபோகாத குழாய்களையும் தரட்டும். இங்கே அம்மா நலம், நான் நலம், மின்சாரம் வழக்கம்போல் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறது. மாடி வீட்டு உம் ஷர்பெல் தன் முழங்கால் வலியை உனக்குத் தெரிவிக்கச் சொன்னாள், தெரிவித்துவிட்டேன். உன் கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்த அவள் மருமகன் நாளை காலை அங்கே திரும்புகிறான். அவன் கையிலேயே இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா பேரீச்சம்பழ மாமூல் பலகாரத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்காதே. நான் போனை எடுத்தால் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் வந்து பருப்பு பொறுக்க உட்கார்ந்துவிடுகிறாள்.

டிஸ்க் பத்திரமாக வந்தது. அதோடு நீ வைத்திருந்த துண்டுச் சீட்டும் வந்தது. "அக்கா, கல்யாண வீடியோவை அம்மா பார்ப்பதற்கு முன் ஐதா சித்தி வரும் இடங்களை வெட்டிவிடு. பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் டிஸ்க்கை வேகமாகப் படிக்க ஒரு யூஎஸ்பி கார்டு வாங்கிப் பெட்டிக்குள் போடு. ஐந்து நிமிட வேலை." இமாத், அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏன் வெட்ட வேண்டும் என்று எனக்கு நீ விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சித்தி காப்பியில் சர்க்கரை போட்டுக் கொடுத்ததை அம்மா மறக்கவில்லை. துக்க வீட்டில், கசப்பாகக் கொடுக்க வேண்டிய காப்பியில், சர்க்கரை! முதல் வாய் குடித்த பாதிரியாரின் முகம் மலர்ந்ததை ஊரே பார்த்தது. "அவ பேரை இந்த வீட்டுல எடுத்தா எனக்கு மகனும் இல்ல, மகளும் இல்ல" என்று அன்று அம்மா சொன்னாள், நாமும் எடுக்கவில்லை. பிறகு உன் கல்யாணத்துக்கு வர அம்மாவுக்கு விசா இல்லை என்று ஆனபோது, "முதல் வரிசையில உன் நாற்காலி காலியாவே இருக்கும்மா, உன் போட்டோவை மட்டும்தான் வைப்பேன்" என்று நீ போனில் அழுதாய். அந்த நாற்காலியில்தான் இப்போது அங்கேயே இருக்கும் சித்தி போய் உட்கார்ந்து, அம்மாவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, மாலையில் அம்மா உன்னோடு ஆட வேண்டிய ஆட்டத்தையும் ஆடியிருக்கிறாள். இதை அம்மா பார்த்தால் என்ன ஆகும்? இருக்கும் ஒரே மகன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறான், அவனோடும் பேச்சை நிறுத்திவிட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். நான் இருக்கிறேன் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டிஸ்க் வந்த அன்றே அம்மா கட்டடம் முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு அழைத்துவிட்டாள். "என் பையனோட கல்யாணம், என் பையனோட கம்ப்யூட்டர்ல, என் வீட்டுல" என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னாள். என் பள்ளிக்கூடம் கொடுத்திருந்த லேப்டாப்பைக் கோடை விடுமுறைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகவே எனக்கு மிச்சம் இருந்தது, நீ கல்லூரியில் வைத்திருந்து விட்டுப்போன அந்த மேஜைக் கம்ப்யூட்டர்தான். அதன்மேல் அம்மா பின்னிப் போட்டிருந்த லேஸ் துணியை எடுத்தேன், டிஸ்க்கைச் சொருகினேன், வீடியோவை நகலெடுக்கச் சொன்னேன். மீதி நேரம் எவ்வளவு என்று அது காட்டிய கணக்கைப் பார்த்து, தானியா பிள்ளை பெற்று அது பேசத் தொடங்கும்போது முடியும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதையாவது விட்டார்களா? அரசாங்க மின்சாரம் போய், நாம் காசு கட்டும் தெரு ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்தது. ஜெனரேட்டர் போய் அரசாங்க மின்சாரம் வந்தபோது மறுபடி அணைந்தது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. யூபிஎஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்பாய். பாட்டரி செத்து வெகுநாள் ஆயிற்று, மின்சாரம் போய்விட்டது என்று கத்தி எங்களுக்குத் தெரிவிப்பதற்குத்தான் இருக்கிறது. இரண்டு மின்வெட்டுக்கு நடுவில் நகலெடுத்து முடிக்கும் வேகம் அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை, இந்த ஊரில் வேகம் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த கடைசி விஷயம் அதுதான்.

புர்ஜ் ஹம்மூதில் காரோ என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "வேகமான யூஎஸ்பி கார்டு ஒண்ணு வேணும்" என்றேன், ரொட்டி கேட்பதுபோல.

"ஸ்லாட் சின்னதா, பெருசா மேடம்?"

"எந்த ஸ்லாட்?"

"உள்ள இருக்கிறது. சரி, பெட்டி எப்படி இருக்கும்?"

"கறுப்பா இருக்கும்."

"கறுப்புன்னா? என் மாமியாரும்தான் கறுப்பு உடுத்தறாங்க, அவங்களுக்குக் கார்டு போட முடியுமா? ஒல்லியா, குண்டா?"

"மாமியாரா?"

"பெட்டி, மேடம்! பெட்டி!"

நடுத்தரம் என்றேன். அது தவறு. வீட்டுக்கு வந்து, அம்மா தேவாலயத்துக்குப் பூ அலங்காரம் செய்யப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோல் தூசி. அதைத் துடைத்துவிட்டுக் கார்டைச் சொருகினால் அது நன்றாகவே சொருகிக்கொண்டது, ஆனால் அதன் முதுகில் இருக்கும் தகரப் பட்டை பெட்டியைவிட உயரம். மூடி மூடவில்லை. நம் கம்ப்யூட்டர் ஒல்லி ரகம், இமாத். உனக்கு இது தெரிந்திருக்கும். நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். மறுபடி புர்ஜ் ஹம்மூத். காரோ பட்டையைக் கழற்றிக் குட்டைப் பட்டை மாட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "உங்க கம்ப்யூட்டர் பழசு, இந்தக் கார்டு புதுசு. கார்டோட முழு வேகமும் அதுல வராது, பாதிதான் வரும்" என்றார். நாற்பது வயதில் புதுக்கண்ணாடி போட்டுக்கொண்ட எனக்கு இது மட்டும் உடனே புரிந்தது.

இனி வருவதை நிதானமாகப் படி, ஏனென்றால் எழுதும் எனக்கே தலை சுற்றுகிறது. கார்டுக்குத் தனியாக மின்சாரம் வேண்டுமாம். பெட்டிக்குள் அதற்குச் சும்மா இருக்கும் வயர் எதுவும் இல்லை. சிடி போடும் டிரைவுக்குப் போகும் வயர் ஒன்று பொருந்தியது. அதைக் கழற்றிக் கார்டில் மாட்டினேன். கார்டு வேலை செய்ய அதற்கு ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டும் என்று திரையில் வந்தது. மென்பொருள் ஒரு சிடியில் இருந்தது. சிடி டிரைவுக்கு வயர் இல்லை. சரி என்று வயரைத் திரும்ப சிடிக்கு மாட்டி ஏற்றப் பார்த்தால், "கார்டு இல்லை, கார்டு இருந்தால் ஏற்றுகிறேன்" என்கிறது. கார்டுக்கு மாட்டினால் சிடி செத்தது, சிடிக்கு மாட்டினால் கார்டு செத்தது. நான் தரையில் உட்கார்ந்து அந்த ஒற்றை வயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் நீயும் நானும் இப்படித்தானே இத்தனை நாள் இருந்தோம்? ஒருத்தி பக்கம் மாட்டினால் மற்றவள் இருட்டில். அந்த யோசனையால் ஒரு பயனும் இல்லை, கால் மரத்துப்போனதுதான் மிச்சம். காரோவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வயரை ரெண்டாக்குற வயர் இருக்கு மேடம்."

"அதை ஏன் முதல்லயே குடுக்கல?"

"நீங்க பெய்ரூத்லதானே இருக்கீங்க? உங்க வீட்டுல ஒரு வயர்லேருந்து ரெண்டு வயர் இழுக்காம இருக்கும்னு நான் எப்படி நினைப்பேன்?"

மூன்றாவது முறையாகப் புர்ஜ் ஹம்மூத் போய் அதையும் வாங்கி வந்து மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. உன் கம்ப்யூட்டரைக் கொளுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும்போது குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"ஹியாம்! யாரு லைட்டை நிறுத்தினது?"

"அம்மா, நீ வாட்டர் ஹீட்டர் போட்டியா?"

"போடாம? பச்சைத் தண்ணியிலயா குளிக்கச் சொல்ற?"

"ஜெனரேட்டர்ல நமக்கு இருக்கிறதே அஞ்சு ஆம்பியர்மா! ஹீட்டர் போட்டா ட்ரிப் ஆகும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மகன் கல்யாணத்துக்கு யாராவது குளிக்காம போவாங்களாடி?"

கீழே போய் ட்ரிப் ஆன ஸ்விட்சைத் தூக்கிவிட்டு வந்தேன். அதற்குள் உம் ஷர்பெல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல இன்னைக்கு என்னடி திருவிழா?" என்றாள். "எங்கம்மா குளிக்கிறா" என்றேன். "அப்ப சரி, நான் என் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தறேன்" என்றாள், அவள் வயர் வேறு, நம் வயர் வேறு என்றாலும்.

பிறகு நடந்ததை நீ நம்பமாட்டாய். மென்பொருளை ஏற்றி, டிஸ்க்கைப் புதுக் கார்டில் சொருகினேன். அடுப்பில் காப்பி வைத்துவிட்டு வந்தேன், அது பொங்கும் முன்னே பாதி வீடியோ வந்துவிட்டது. இது பாதி வேகம் என்றால் முழு வேகத்தை நான் பார்க்காமலே சாகலாம். அம்மா தலை உலர்த்தப் பால்கனியில் உட்கார்ந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். வெட்டுவதற்கு முன் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பார்த்தேன். சித்திக்கு வயதாகிவிட்டது, இமாத். நடக்கும்போது அம்மாவைப்போலவே வலது தோள் சாய்கிறது. நீ மோதிரம் மாற்றும்போது அவள் குனிந்து போட்டோவிடம் ஏதோ சொல்கிறாள். அவள் மார்பில் குத்தியிருந்தது ஒரு ப்ரூச், நீலக்கல் வைத்த பறவை, அம்மாவிடம் இருப்பதுபோலவே. சகோதரிகள் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். இவளை வெட்டுவது சரியா என்று ஒரு கணம் கை நின்றது. ஆனால் உன் சீட்டு மேஜைமேல் இருந்தது, பால்கனியில் அம்மா இருந்தாள். வெட்டிவிட்டேன். ஆட்டத்தில் இப்போது நீ தனியாகத் தொடங்கி, திடீரென்று கேக் வெட்டுகிறாய். வெட்டியதை மறுபடி டிஸ்க்கில் ஏற்றி, அம்மா தப்பித்தவறி எதையாவது அழுத்திவிடக் கூடாது என்று முழு வீடியோவை டிஸ்க்கிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிட்டேன். பெட்டியை மூடியபின் ஒரு திருகாணி மிஞ்சியிருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முன்னறையில் நாற்காலிகள் போட்டாயிற்று, சர்க்கரை பூசிய பாதாம் தட்டுகளில் தயார், அம்மா நீலப் பட்டு கவுனை உடுத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னும் நீ வாழ்ந்து, அவளைப் புதைப்பவன் நீயாகவே இருக்க வேண்டும் என்று வழக்கம்போல் வாழ்த்தச் சொன்னாள். உன் வீட்டு மேஜையில் ரொட்டி குறையாமலும், தானியாவின் மடி வெகுநாள் காலியாக இல்லாமலும், உன் சுவரில் எந்நேரமும் மின்சாரம் நிலைத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா ஹியாம்

பின்குறிப்பு: இது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது. உறை ஒட்டாதிருந்தது நல்லதாயிற்று. எல்லாரும் வந்தார்கள், உம் ஷர்பெல் குலவையிட்டாள், தேவாலயக் காட்சி வந்தது. அம்மா திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நீ தனியாக ஆடிக் கேக் வெட்டியதும் எழுந்து நின்றாள்.

"ஐதா எங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என் நாற்காலியில உட்காருன்னு சொல்லித்தானே என் ப்ரூச்சைக் குடுத்து அனுப்பினேன்? என் தங்கச்சி எங்கடி?"

விசா இல்லை என்று ஆன அன்றே அம்மா உம் ஷர்பெல் வீட்டு போனிலிருந்து சித்தியை அழைத்தாளாம். அன்றுமுதல் தினமும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் என் பக்கமா நின்னு அவளை முறைச்சுக்கிட்டு இருந்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவளையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

சித்தியை வீடியோவில் சேர்க்காதது நீதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், உன்னோடு பேசப்போவதில்லை என்கிறாள். நான் மறுக்கவில்லை. நான் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள், இமாத். ஆகவே முழு வீடியோவையும், ஒரு நொடிகூட வெட்டாமல், அடுத்து வரும் யார் கையிலாவது உடனே அனுப்பு. நம் கார்டு தயாராக இருக்கிறது.

சித்தியைப் பார்த்தால் ஒன்று சொல். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா இன்று தன் கையாலேயே காப்பி கொடுத்தாள். வாய் கூசும் அளவுக்குச் சர்க்கரை.