மஞ்சள் விளக்கு அணைந்தது

கார் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரியாமல் இருந்திருந்தால், ஜெயராணி அந்த ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தோசை சாப்பிட்டிருப்பாள். பதினோரு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து தேவநாதன் இந்தப் பழைய காரை விலைக்குப் பார்க்க வருகிறார். செவ்வாய்க்கிழமை புது வண்டி வந்துவிடும். வாசலில் ஒரு காருக்குத்தான் இடம்.

"மெக்கானிக்கக் கூப்புடட்டா?" என்றான் கதிர்வேல்.

"எதுக்கு? சிப்காட்ல எங்க கம்பெனி சென்சார் பூரா நான்தான் பாக்கறேன். கட்டின பொண்டாட்டி மேல நம்பிக்க வைங்க."

ஸ்கேனரைச் செருகினாள். கேம்ஷாஃப்ட் சென்சாரில் பழுது என்று செல்போனில் ஒரு கோட் வந்தது. பிளக்கைக் கழற்றினால், உள்ளே பச்சைக் களிம்பு.

"பாத்தீங்களா, உப்புக்காத்து! சென்சார் நல்லாத்தான் இருக்கு. கனெக்‌ஷன்தான் அழுக்கு."

ஸ்பிரே அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாள். விளக்கு அணைந்தது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி எரிந்தது. இப்போது இரண்டு கோட்.

"ஜாஸ்தியாயிடுச்சே, ராணி?"

"பக்கத்து பிளக் அசைஞ்சிருக்கும். அதையும் தேய்ச்சுட்டா முடிஞ்சுது."

முடியவில்லை. ஒன்றைத் துடைத்தால் அடுத்தது அழுக்காகத் தெரிந்தது. பத்து மணிக்கு எஞ்சின், கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி மின்னியது. கோட் நான்காகியிருந்தது.

ஜெயராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "நாலு சென்சார் ஒரே நாள்ல கெடாது. எல்லாத்துக்கும் பொதுவான எர்த்து ஒயர்தான் லூசு. டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு."

சீட் கழன்றது. கார்ப்பெட்டைத் தூக்கினாள். அவள் கை கழுவட்டும் என்று ஒரு பக்கெட் தண்ணீரோடு ஓடிவந்த கதிர்வேல், ஸ்பேனரில் கால் வைத்தான். தண்ணீர் முழுக்கக் காருக்குள் போனது.

"நான் மெக்கானிக்கத்தான் கூப்புடலாம்னேன்" என்றான், காலிப் பக்கெட்டோடு.

"பரவால்ல, வெயில் அடிக்குது!"

கார்ப்பெட் மதில்மேல் ஏறியது. சீட் தெருவில் காய்ந்தது. நாலு கதவையும் திறந்துவிட்டு டேபிள் ஃபேனைக் காருக்குள் சுழலவிட்டாள். துருப்பிடித்துக் கிடந்த எர்த் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள்.

எஞ்சினைப் போட்டாள். விளக்கு அணைந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. எரியவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். கதிர்வேல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்தான்.

பதினோரு மணிக்குத் தேவநாதன் மனைவி இசைவாணியோடு வந்து இறங்கினார். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"காலையில ஒரு கோட் வந்துச்சு சார். மறைக்க மாட்டேன்" என்றாள் ஜெயராணி. "ஒரு கனெக்‌ஷன் விடாம நானே சுத்தம் பண்ணிட்டேன். இனிமே பத்து வருஷம் கவலையில்ல."

"இப்படி ஒளிவுமறைவு இல்லாம பேசறவுங்கள எங்க பாக்க முடியுதும்மா? எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே எடுத்துக்கறேன்."

இசைவாணி மதில்மேல் சொட்டிக்கொண்டிருந்த கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்தாள். தெருவில் கிடந்த சீட்டைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். புதுசுபோல் மின்னிய பிளக்குகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து, தெருவுக்கே கேட்கும்படி கிசுகிசுத்தாள்:

"பேசாம வந்த வண்டியில ஏறுங்க. இது வெள்ளத்துல முழுகி எழுந்த காருங்க!"