பின்னால் ஓடி வராத ஆட்டக்காரன்

மரியாதைக்குரிய மைத்துனர் எர்மினியோ அவர்களுக்கு,

சான் லூகாசிலிருந்து ரொசெந்தோ எழுதிக்கொண்டது. உங்கள் வீட்டில் எல்லோரும், ஆடுகள் உட்பட, சுகமாக இருக்க நம் ஊர்ப் புனிதர் அருள்வாராக. நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

உங்கள் தங்கை ஓபெலியா அங்கே வந்து ஒரு மாதமாகிறது. அவள் நியாயத்தைக் கேட்டிருப்பீர்கள், என் நியாயத்தையும் கேளுங்கள். அன்று அடுப்பில் பீன்ஸை வைத்து, என்னைக் காவல் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள். நானும் நாற்காலியை விட்டு எழாமல் காவல் இருந்தேன். புகை வந்தது. தீயைக் குறைக்க அவள் வந்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் வந்தபோது பானையே இல்லை, கரிதான் இருந்தது. "பதினாறு வருஷம் அதே பொழப்பா பந்து ஆடினியே, ஒரு நாளாவது பின்னாடி ஓடி வந்து மத்தவங்களுக்குக் கை குடுத்திருக்கியா? கோல்கிட்டயே நின்னுக்கிட்டு, யாராவது கொண்டாந்து குடுக்கட்டும்னு இருப்ப. வீட்டுலயும் அதே ஆட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். கோலடிப்பவன் தொழிலே காத்திருப்பதுதான் என்று அவளுக்கு யார் சொல்வது? நம் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிய அந்தக் கோலை, நின்ற இடத்தை விட்டு அசையாமல்தான் அடித்தேன். அதற்குத்தானே மைதானத்துத் தெருவுக்கு என் பெயரை வைத்தார்கள்?

இந்த ஞாயிறு திருவிழா. கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வழக்கமான ஆட்டம், தோற்றவர்கள் ஊருக்கே டமால், அதுதான் நம் சோளமாவுக் கொழுக்கட்டை, அவித்துப் போட வேண்டும். கல்யாணமானவர்கள் பக்கம் போனேன். அவர்கள் தலைவர் ரொட்டிக்கடை டிமோத்தியோ சிரிக்காமல் சொல்கிறார்: "ஆடுறவன் சட்டைய அவன் பொண்டாட்டிதான கொண்டாந்து குடுக்கணும், அதான நம்ம வழக்கம்? உன் ஆளு எங்கய்யா?" அந்தப் பக்கம் மெக்கானிக் உரியேல், "அண்ணே, கல்யாண மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்க, சேத்துக்கிறோம்" என்றான். நான் மோதிரத்தைத் தொடக்கூட இல்லை, அதை அவளிடம் சொல்லுங்கள். என் பெயர் போட்ட தெருவில், கையில் சட்டையோடு, எந்தப் பக்கமும் இல்லாமல் நின்றேன். ஓய்வு பெற்ற அன்றுகூட இவ்வளவு வலிக்கவில்லை. ஆட்டம் போனால் போகட்டும், மைத்துனரே. வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் அங்கே வந்து கெஞ்சுவேன் என்று அவள் கனவு காண வேண்டாம். கோலடிப்பவன் நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் வருகிறவன் இல்லை. வேண்டுமானால் அவளே வரட்டும்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், ஆடுகளுக்கும் நலவிசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இன்னமும்),
ரொசெந்தோ

பி.கு.: தபாலில் போட்டால் இது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. அதனால் காலை பஸ்ஸில் நானே எடுத்து வருகிறேன். சட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. பீன்ஸும் வேகவைத்துக் கொண்டு வருகிறேன். இந்தத் தடவை பாதிதான் தீய்ந்திருக்கிறது, அதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.