நூறா, தொண்ணூற்றொன்றா?

மதியம் ஒரு மணிக்கு நூற்றாண்டு விருந்து. காலை ஒன்பது மணிக்கு டெல்பர்ட் ஹாகன் ஒரு பழுப்பேறிய தாளை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அயோவாவின் கார்ன் வேலி கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் பதிவாளர். அந்தத் தாளின்படி, 1925இல் தொடங்கிய கூட்டமைப்பு, 1932இல் சண்டை போட்டுக் கலைந்திருக்கிறது. 1934இல் அதே பெயரில் புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது. ஆக, வயது தொண்ணூற்றொன்று. வாசலிலோ 'நூறு' என்று பேனர் ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டமைப்பின் தலைவி மார்லிஸுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு வருஷம்தானே? லீவுல இருந்துச்சுன்னு எழுதிடுங்க."

எழுதி, ஆறு கல்லூரிகளுக்கும் மெயில் அனுப்பினார். ஐந்தே நிமிடத்தில் டன்மோர் கல்லூரித் தலைவர் கூப்பிட்டார்.

"அந்த ரெண்டு வருஷமும் ஃபுட்பால்ல நாங்கதான் சாம்பியன். சுவத்துல எழுதி வச்சிருக்கோம். வெள்ளையடிக்கச் சொல்றீங்களா?"

"இல்லைங்க, அப்ப நீங்க பக்கத்து ரிவர் பெண்ட் கூட்டமைப்புல ஆடினீங்க. பட்டம் அவங்க பதிவுல பத்திரமா இருக்கும்."

எதற்கும் இருக்கட்டும் என்று ரிவர் பெண்டிடம் கேட்டதுதான் வினை. அங்கே பதிவாளரான ஒரீட்டாவுக்கு ஏக குஷி.

"நீங்க கலைஞ்சப்ப உங்க பழைய காலேஜ்ல மூணு இங்கதானே வந்துச்சு? அப்ப வம்சம் எங்களோடது. நூறு வயசுக் கேக்கை இங்க அனுப்பிடுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன்னு வச்சுக்கலாமே, ஒரீட்டா."

இந்தச் சமாதானத்தையும் எல்லோருக்கும் மெயிலில் தட்டிவிட்டார். பிரிஞ்சர் கல்லூரியிலிருந்து உடனே போன்.

"ரிவர் பெண்டோட முட்டிக்கிட்டுத்தான் நாங்க வெளிய வந்தோம். இப்ப பங்காளிங்கிறீங்க. வர்றோம், நேர்ல பேசிக்கறோம்."

பன்னிரண்டு மணிக்கு ஆறு கல்லூரித் தலைவர்களும் மார்லிஸோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டெல்பர்ட் வெளியே நின்றார். ஒரு வரி எழுதப்போய் ஒரு நூற்றாண்டையே உடைத்தாயிற்று.

பன்னிரண்டே முக்காலுக்கு, காபி பரிமாறும் லவான் காலிக் கூஜாவோடு வெளியே வந்தாள்.

"உள்ள அடிதடியா, லவான்?"

"அடிதடியா? ஒரே சிரிப்பு. ரெண்டாவது ரவுண்டு காபியும் தீந்துடுச்சு."

டெல்பர்ட் கடிதத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "அப்ப என்னதான் முடிவு பண்ணாங்க? நூறா, தொண்ணூத்தொண்ணா?"

"பழசைக் கலைச்சுட்டு, ரிவர் பெண்டையும் போன்ல பேசிச் சேத்துக்கிட்டு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாச்சு, நீங்கதான் அதுக்கும் பதிவாளராம்; வயசு இருபது நிமிஷம்னு எழுதிக்கோங்க."